ரொட்டிப் பிள்ளையின் ஞானத் தகப்பன்

சாத்துர்னினோவின் கட்டைவிரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு விரலில் மட்டும் நகத்தை நீளமாக வளர்த்திருப்பான். எந்நேரமும் மெல்லும் கோகா இலைச் சாறு ஏறி அது பழுப்பாக இருக்கும். அந்த நகத்தால் பல்லிடுக்கைக் குத்துவான், காதைக் குடைவான். பிறகு அதே விரலை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய என் சோம்பு ரொட்டியின் நடுவில் அழுத்தி, "மெத்துமெத்துனு இருக்குடி நிகாந்த்ரா, உன் கன்னம் மாதிரி" என்பான். நான் சிரித்துவைப்பேன். குழி விழுந்த ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குப் போடுவேன். கோழிகூட யோசித்துத்தான் கொத்தும்.

சிரிக்காமல் என்ன செய்ய? ஊரில் பெரிய விறகு அடுப்பு அவனிடம்தான் இருக்கிறது. குஸ்கோ சந்தைக்கு ரொட்டி கொண்டுபோகும் பெண்கள் எல்லோரும் மாவை உருட்டிப் பலகையில் அடுக்கிக்கொண்டு அவன் வாசலில்தான் நிற்க வேண்டும். யாருடைய பலகை உள்ளே போகும், யாருடையது வெயிலில் கிடந்து புளிக்கும் என்பது அவன் வாயில் இருக்கிறது. என் புருஷன் இருந்தவரை 'தோன்யா நிகாந்த்ரா, வாங்க' என்று கும்பிடாத குறையாகக் கூப்பிட்டவன்தான். மலைச்சரிவில் லாரியோடு புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நான் 'வாடி' ஆகிவிட்டேன்.

சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய நாள் ஊரே மாவும் கையுமாக இருந்தது. அன்றைக்கு எல்லோரும் வாவா சுடுவோம். வாவா என்றால் பிள்ளை. துணியில் சுற்றிய பச்சைப்பிள்ளை வடிவத்தில் இனிப்பு ரொட்டி பிடித்து, கடையில் விற்கும் சுண்ணாம்புப் பொம்மை முகத்தை அதன் தலையில் ஒட்டி வேகவைப்போம். முட்டையின் வெள்ளைக்கரு தொட்டு ஒட்டினால் முகம் அசையாது. நான் ஒட்டிய ஒரு முகம் மட்டும் சரிந்திருந்தது.

"நகருடி" என்று சாத்துர்னினோ பின்னாலிருந்து வந்து உரசிக்கொண்டு நின்றான். முகத்தைப் பிடுங்கினான். அதன் முதுகில் துப்பினான். சளசளவென்று, பச்சை நுரையோடு, நன்றாகத் துப்பி, மாவில் வைத்துத் தன் கட்டைவிரலால் அமுக்கினான்.

"இனி எழும்பாது பாரு."

நான் பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவனோ மீசையைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தான். வாயில் வெங்காய நாற்றம்.

"நாளைக்குச் சாயங்காலம் கல்லறைக்குப் போயிட்டு நேரா உன் வீட்டுக்கு வரேன். ஒயின் கொண்டாரேன். கதவைத் திறந்து வை. தாழ் போட்டிருந்துச்சுன்னு வை, கிறிஸ்துமஸுக்கு வேற அடுப்பு பாத்துக்க."

பக்கத்தில் பலகையோடு நின்ற பெனிக்னாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. ரொட்டி வெந்து வீடு திரும்பும் வழியில் என் விலாவில் இடித்தாள்.

"என்னக்கா, அடுப்புக்காரியே ஆகப்போறியா? எங்களை வரிசையில முன்னாடி விடு."

"அந்த விரலைப் பாத்தியாடி நீ? அது என் மேல படறதை நெனச்சாலே வாந்தி வருது."

"அப்ப மாட்டேன்னு சொல்லு."

"சொல்லிட்டு? மாவை மடியில வச்சா வேகும்?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என் கூடையில் இருந்த அந்த வாவாவைப் பார்த்து, "நெருப்புல வெந்தா எல்லாம் சுத்தம்க்கா, வித்துடு" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அதை எந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பது? தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சதுக்கத்தில் வாவாக்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். மோட்டார் ரிக்ஷா ஓட்டும் பாஸ்குவால் தன் மனைவியின் கறுப்புப் பாவாடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாதிரியாராக நின்றான். மற்ற வாவாக்கள் விற்றுப்போயிருந்தன, அந்த எச்சில் வாவா மட்டும் என் கையில் இருந்தது. தூரப் போட்டுவிடலாம் என்று நினைத்தபோது பெனிக்னா என்னை இழுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"யாரு பெத்த பிள்ளை இது?" என்றான் பாஸ்குவால். "மூஞ்சியைப் பாத்தா அடுத்த தெருக்காரன் ஜாடை தெரியுதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நான் பெத்தது, சாமி."

"ஞானத் தகப்பன் யாரும்மா?"

அப்போதுதான் என் இடுப்பில் அந்த விரல் பட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, வெங்காய நாற்றமே சொல்லிவிட்டது. "ராத்திரிக்கு ரெடியா?" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தான். அருவருப்பில் உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்தோடே எனக்கு வழியும் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் தாயும் ஞானத் தகப்பனும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே. கூடப்பிறந்தவர்களைவிடப் பெரிய உறவு அது. அந்த உறவில் ஒருவர் மேல் ஒருவர் கைவைத்தால், செத்த பிறகும் மண் ஏற்காமல் நெருப்பைக் கக்கிக்கொண்டு மலைமலையாக அலைவார்கள் என்பார்கள். ஊர்ச் சோளத்தின் மேல் ஆலங்கட்டி கொட்டும் என்பார்கள். ரொட்டிப் பிள்ளைக்குச் செய்தாலும் உறவு உறவுதான். ஞானத் தகப்பனாக இரு என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால் மறுக்கவும் கூடாது.

"இதோ, இங்கயே நிக்கிறாரே! தோன் சாத்துர்னினோதான்!" என்று உரக்கச் சொன்னேன்.

கைத்தட்டல் எழுந்தது. அவன் காலையிலிருந்தே குடித்திருந்தான். ஊர் பார்க்க நான் அவனைச் சொந்தம் கொண்டாடுகிறேன் என்று நினைத்துப் பூரித்துப்போய், பல்லெல்லாம் தெரிய வாவாவைக் கையில் வாங்கிக்கொண்டான். பாஸ்குவால் பூவால் சோளக் கள்ளைத் தெளித்தான். பொம்மை வாயில் உப்பு வைத்து, ஞானத் தகப்பன் பெயரையே பெண்பிள்ளைப் பெயராக்கிச் சூட்டினான்.

"சாத்துர்னினா, உனக்கு ஞானஸ்நானம் தரேன். எறும்பு கிட்டயும் உன் ஞானத் தகப்பன் பல்லு கிட்டயும் மாட்டாம ஆண்டவர் காப்பாத்துவாராக!" பிறகு எங்கள் இருவரையும் பார்த்தான். "கட்டிப் பிடிச்சுக்குங்க. கொம்பாத்ரே, கொமாத்ரே ஆயாச்சு. இனிமே 'நீ', 'வாடி' எல்லாம் கெடையாது. 'நீங்க', 'வாங்க'தான்."

அந்த 'நீங்க'வில்தான் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது.

"அட, இது ரொட்டிதானேப்பா" என்றான்.

"உப்பு வச்சாச்சுல்ல?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது. அவன் அக்கா எஸ்கொலாஸ்திகா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பான். "கள்ளு தெளிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன ரொட்டி, கிட்டின்னு? விளையாட்டுன்னு சொன்னவங்க வயல்லதான் அந்த வருஷம் ஆலங்கட்டி விழுந்துச்சு. வாயை மூடிக்கிட்டுக் கொமாத்ரேவைக் கும்பிடு."

சாயங்காலம் சொன்னபடியே வந்தான். ஒயின் புட்டியும் இருந்தது. கூடவே எஸ்கொலாஸ்திகாவும் வந்தாள். ஞானத் தகப்பன் முறைக்குப் பிள்ளைக்கு ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கிவந்திருந்தார்கள். கதவை நான் அகலத் திறந்தேவைத்தேன். பெனிக்னாவும் வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் முறை அதோடு முடிவதில்லை. பிள்ளையைப் பிய்த்து இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து தின்றால்தான் உறவு உறுதிப்படும். எஸ்கொலாஸ்திகா வாவாவை மடியில் வைத்துக்கொண்டு கால் பக்கத்தைப் பிட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் அதை ஒயினில் முக்கி, மீசையில் வழிய வழிய உறிஞ்சினான். பிறகு அவள் சுண்ணாம்பு முகத்தைப் பெயர்த்தாள். அடியில் ரொட்டி வேகாமல் சொதசொதவென்று, பச்சைத் திட்டு படிந்து இருந்தது. நடுவில் அந்தக் கட்டைவிரலின் குழி அச்சாக இருந்தது.

"தலை தாய்க்கு" என்று என்னிடம் நீட்டினாள்.

பெனிக்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாத்துர்னினோ என்னையே பார்த்தான். அவனுக்கும் ஞாபகம் இருந்தது. நான் துப்பினால், ஒதுக்கிவைத்தால், உறவு அறுந்தது என்று எழுந்து நிற்கலாம் என்ற நப்பாசை அவன் கண்ணில் தெரிந்தது. சீ, மனுஷனா அவன்!

வாயில் போட்டேன். கோகாவின் கசப்பு நாக்கில் ஏறியது, கண்ணில் நீர் முட்டியது. ஒயின் வேண்டாமென்று தலையசைத்து, கடைசித் துணுக்குவரை மென்று விழுங்கினேன்.

அவன் மேஜையில் இருந்த புது ரொட்டியின் மேல் பழக்கத்தில் விரலைக் கொண்டுபோனான். அக்காவைப் பார்த்தான். விரலை மடக்கிக்கொண்டான்.

"எப்படி இருக்குங்க, கொமாத்ரே?" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"நீங்க ஒட்டின முகமாச்சே, கொம்பாத்ரே" என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே எழும்பவே இல்லை."