வலது பக்கத்துக் கசிவு

வேலை முடிந்து வந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போதே, அடுப்பில் என்ன இருக்கிறது என்று குழந்தைவேலு சொல்லிவிடுவார். "குணா, இன்னைக்கு நெத்திலி சம்பாலா?" என்று அவர் போடுகிற சத்தம் அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம் அது. குணவதிக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சமைத்த மாதிரியே இல்லை என்றாகிவிட்டது. பாடாங் செராயில் எத்தனையோ புருஷன்மார் இருக்கிறார்கள். பெண்டாட்டி வைத்த கறியைத் தெருவுக்கே விளம்பரம் செய்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

அந்தச் சத்தம் நின்று மூன்று வருஷத்துக்கு மேலாகிறது.

கோவிட் வந்து இரண்டு பேரும் படுத்து எழுந்தார்கள். இரண்டு பேருக்குமே மணம் தெரியாமல் போனது. குணவதிக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டது. அன்றைக்கே மீன் கறி வைத்துவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டாள். "எனக்கும் வந்துருச்சு" என்றார். சரி, இனிமேல் பழையபடி என்று அவள் இருந்தாள். ஆனால் ஒருநாள் கேட்டில் நின்று, "குணா, கோழியா?" என்று கத்தினார் பாருங்கள், அன்று வெள்ளிக்கிழமை! அவள் விரதம் இருக்கிற நாளில், அக்கம்பக்கம் கேட்க, கோழியாம்! "என்ன, கிண்டலா?" என்று அவள் பிடித்த பிடியில் மனுஷன் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். அதோடு கேட்டில் போடுகிற சத்தமும் நின்றது.

கோபம் என்றால் எத்தனை நாளைக்கு? குணவதி காத்துப் பார்த்தாள். டுரியான் பழத்து வாடை என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆள் அவர். பக்கத்து வீட்டு நளினி கொடுத்த டுரியானை வேண்டுமென்றே சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்தாள். சண்டையாவது போடட்டுமே! அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு, கை கழுவி, மோட்டாரிடம் போய்விட்டார். சண்டைக்குக்கூட நான் ஆகாமல் போய்விட்டேனா என்று அன்று அவள் பாத்திரம் தேய்த்தபடி அழுதாள்.

மோட்டார் என்றால், சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்து வெள்ளைக்கார மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர், கார்புரேட்டரும் இரண்டு. போன வருஷம் கிராணி குடும்பத்தார் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குழந்தைவேலுவின் கொஞ்சலெல்லாம் அதற்குத்தான். "வா கண்ணு, இன்னைக்கு ஒழுகாம இரு கண்ணு." உள்ளே இருந்து கேட்கிற குணவதிக்கு வயிறு எரியும். தன்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது!

கண்ணு ஒழுகாமலும் இல்லை. இடது பக்கமாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது. இடது கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஊசியை மாற்றினார், வாஷரை மாற்றினார், மறுபடியும் ஊசியை மாற்றினார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கவுஸும் பழைய மோட்டார் பைத்தியம்தான். அவர் ஒருநாள் வந்து, "இந்த ஞாயித்துக்கிழம எல்லாரும் அலோர் ஸ்டார் போறோம்ணே. அக்காவையும் ஏத்திக்கிட்டு வாங்க லா" என்றார்.

"அந்தக் கண்ணோட அவரே போயிட்டு வரட்டும்" என்று குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். சாமி கும்பிட்டுவிட்டு, தூபக்காலில் கனல் போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் குழந்தைவேலு மோட்டார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இடது கார்புரேட்டரத் தொட்டுப் பாத்துட்டேன், சொட்டு ஈரம் இல்ல. இதுக்கும் ஒரு சுத்து காட்டு குணா. கண்ணு பட்டுறப் போவுது."

அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். குப்பென்று பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. மோட்டாருக்கு அடியில் விரித்திருந்த அட்டை ஏற்கனவே எண்ணெய்க் கறுப்பு; அதில் ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நெடி என்றால் அப்படி ஒரு நெடி. நடுவில் உட்கார்ந்து இந்த மனுஷன் நெருப்பைக் கொண்டுவா என்கிறார்! பத்தடி தள்ளி எவனாவது சுருட்டுப் பற்றவைத்தாலே பாய்கிற மனுஷன்!

திரும்பி ஓடினாள். பின்கட்டில் தூபக்காலைக் கவிழ்த்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அதே வேகத்தில் முன்னால் வந்தாள்.

"எந்திரிங்க! பெட்ரோல் எண்ணெ கொட்டிக் கெடக்கு! கருகிப் போயிருப்போமே! உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

குழந்தைவேலு அட்டையைத் தொட்டு விரலைப் பார்த்தார். அவருடைய முகம் செத்துப்போயிற்று. அவசரமாகப் பெட்ரோல் குழாயை மூடினார்.

"இல்ல" என்றார் மெதுவாக.

"என்ன இல்ல?"

"ஒண்ணும் தெரியல குணா. அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் மணம் திரும்பவே இல்ல."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த அப்பாவியின் புளுகு மூன்று வருஷம் தாங்கியிருக்கிறது.

"அன்னைக்கு வந்துருச்சுன்னு சொன்னீங்க?"

"மீன் கறியத் தட்டுல போட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. எப்படிச் சொல்றது? அப்பறம் கேட்டுல நின்னு குத்துமதிப்பா ஒண்ணு சொல்லிப் பாத்தேன். அது வெள்ளிக்கிழமையாப் போச்சு."

குணவதி வாயைப் பொத்திக்கொண்டாள். கோழி! டுரியான்! எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எம்மேல ஆசை விட்டுப் போச்சுன்னு நெனச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன்யா!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஆசையா? போவுமா?" அவர் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விழித்தார். "உப்பு, காரம், புளிப்பு தெரியும். மத்ததெல்லாம் ஞாபகத்துல சாப்புடுறதுதான். உன் கைச் சமையல் மறக்குமா?"

மறுநாள் காலை வெளிச்சத்தில் அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்தார். குணவதி நைட்டியைச் செருகிக்கொண்டு குனிந்தாள். இடது கார்புரேட்டரை மோந்தாள். பிறகு வலது.

"வலது பக்கம்தான்."

"சொட்டுறது இடது பக்கம் லா."

"மூக்கில்லாத ஆளு பேசாம இருங்க. வண்டி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது?"

குழந்தைவேலு ஸ்டாண்டைப் பார்த்தார். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வலதில் வழிகிற பெட்ரோல் அடிப்பக்கமாகவே ஓடிவந்து இடதில் சொட்டியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாளும் ஒரு பாவமும் அறியாத இடதைப் போட்டு வதைத்திருக்கிறார்.

வலது கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பித்தளை மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினார். சளக் சளக் என்றது. பெட்ரோல் நிரம்பினால் மேலே மிதந்து வழியை அடைக்க வேண்டியது அது. தானே பெட்ரோலைக் குடித்துவிட்டு முழுகிக் கிடந்திருக்கிறது. குணவதி வெந்நீர் கொண்டுவந்தாள். அதில் மிதவையை அமுக்கியதும் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஊசிமுனை ஓட்டை. உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க வெளியேறிக் காய்ந்ததை அவள் மோந்து சொன்ன பிறகுதான் ஈயம் வைத்து அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கவுஸ் ஆட்களோடு கண்ணும் கிளம்பியது. குணவதி பின்னால் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக அவருடைய காதில் சொல்லிக்கொண்டே போனாள். "இப்ப வாழைப்பழத்த மாவுல முக்கி பீசாங் கோரேங் பொரிக்கிறாங்க. இது ரப்பர் ஆலை, நாத்தம் கொடலப் புடுங்குது, குடுத்து வச்சவரு நீங்க. இந்தா, வயல்ல மழை விழுந்த மண்ணு." அலோர் ஸ்டார் சேர்கிறவரை அவர் ஒவ்வொன்றுக்கும், "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். பெட்ரோல் நெடி மட்டும் வரவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குணவதி பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல்.

"குணா! இன்னைக்குக் கோழியா?"

கரண்டி கையிலிருந்து நழுவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் நளினி வீடு தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஆமாங்க, கோழிதான்! கை கழுவிட்டு வாங்க!"