கேட்டா அமுக்குங்க

...மெஷின்தான் முதல்லன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு, எல்லாரும்தான் சிரிக்கிறாங்க, நான் என்னவோ ஜோக் அடிச்ச மாதிரி. குஞ்சு பொரிக்கிற கம்பெனியில வேலைன்னு சொன்ன உடனே கோழி முதல்லயா முட்டை முதல்லயான்னு கேக்காத ஆள் இன்னும் பொறக்கலை, பல் டாக்டர் கேட்டிருக்கார், என் வாய்க்குள்ள கருவியை விட்டுக்கிட்டே, சம்பந்தி முதல் தடவை வீட்டுக்கு வந்தப்பவே கேட்டார், இப்போ காது சோதிக்கிற இந்தப் பொண்ணும், என் மகளைவிடச் சின்னது, ஃபாரத்துல தொழில்னு போட்ட இடத்தைப் பாத்துட்டு அதே கேள்வி. எங்க கம்பெனியில கோழியே கிடையாதும்மா, முட்டை வண்டியில வரும், இருபத்தோராம் நாள் குஞ்சா வண்டியில போகும், நடுவுல இருக்கறது மெஷின், அப்போ மெஷின்தானே முதல்ல? இருபத்தொன்பது வருஷமா இதே பதில்தான் சொல்றேன், ஒருத்தர்கூட இல்லைன்னு மறுத்ததில்லை. சிரிச்சுக்கிட்டே ஹெட்ஃபோனை மாட்டி விட்டுச்சு, கையில பட்டனைக் கொடுத்துச்சு, கேட்டா அமுக்குங்க சார், கேக்கலைன்னா சும்மா இருங்க, அவ்வளவுதான்னுச்சு, தடிமனான கதவைச் சாத்திட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிச்சு.

அவ்வளவுதானாம்... வெளியில பெஞ்சுல என் பொண்டாட்டி பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, மூணு வாரமா நச்சரிச்சு இழுத்துட்டு வந்துட்டா, காதைக் காட்டுங்க காதைக் காட்டுங்கன்னு. முப்பது வருஷம் இல்லாத அக்கறை திடீர்னு எங்கிருந்து வந்துச்சு? எனக்குத் தெரியும். அந்த ஞாயித்துக்கிழமையிலிருந்துதான். நான் ஜன்னலைப் பாத்து உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன், அவ என் முதுகுக்குப் பின்னால கட்டில்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தா, கோபம் கீபம் ஒண்ணும் இல்லை, சாதாரணமா, மெதுவா சொன்னா, நீங்க ரிட்டயர் ஆகி நாள் பூரா வீட்டுல இருக்கப் போறீங்கன்னு நெனச்சாலே எனக்கு பயமா இருக்கு. கேட்டுச்சு. ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. நான் திரும்பலை, ஊசியை நிறுத்தலை, கொஞ்ச நேரம் கழிச்சு அவ பக்கத்துல வந்து டீ வேணுமான்னு சத்தமா கேட்டப்ப, என்ன, என்னன்னு ரெண்டு தடவை திருப்பிக் கேக்க வச்சேன் பாரு, அதை நெனச்சா இப்பவும் கூசுது. எதுக்கு அந்த நடிப்பு? இன்னும் நாலு மாசம், அப்புறம் அந்த வீட்டுலதான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இருக்கணும், வேற எங்க போறது, நான் இருக்கறதே பயம்னு ஒருத்தி சொன்ன வீட்டுல எந்த நாற்காலியில போய் உக்கார்றது.

பீப். அமுக்கினேன். இன்னொண்ணு, சின்னது... அமுக்கலாமா? இந்தப் பரீட்சையில பாஸாகிட்டா மாட்டிக்கிட்டேன், காது நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடும் அந்தப் பொண்ணு, அப்போ நான் அன்னைக்கு கேட்டுட்டேன்னு இவளுக்குத் தெரிஞ்சிடும், அதுக்குத்தானே இந்த ஏற்பாடே. ஃபெயிலானா காதுக்கு மெஷின் வாங்கி மாட்டி விட்டுடுவா, அப்புறம் என்னன்னு கேட்டு நடிக்கக்கூட வழி இருக்காது. பீப். சும்மா இருந்தேன். மறுபடியும் பீப். சும்மாவே இருந்தேன், ஸ்கூல்ல பதில் தெரிஞ்சும் கை தூக்காம உக்காந்திருந்தது ஞாபகம் வருது.

ஆனா முழுப் பொய்யும் இல்லையே, ஆரம்பத்துல நெஜமாவே கேக்காதே... மெஷின் ரூம்ல ஆளுயர விசிறிங்க, எட்டு மணி நேரம் அந்த இரைச்சல்ல நின்னுட்டு வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரத்துக்கு காது அடைச்சுக்கிட்டுதான் இருக்கும், புதுசுல அவ பாவம் அன்னைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டே வருவா, நான் மலங்க மலங்க முழிப்பேன், அப்புறம் அவளே, ஒரு மணி நேரம் போகட்டும்னு சொல்லாம இருக்கப் பழகிக்கிட்டா. அந்த ஒரு மணி ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. அவ பேசாததால நான் கேக்கறதை விட்டேனா, நான் கேக்காததால அவ பேசறதை விட்டாளா? இதுக்கு மெஷின்தான் முதல்லன்னு சொல்லி தப்பிச்சுக்கலாம், சொல்லியும் இருக்கேன், மகள்கிட்ட, என்னம்மா பண்றது அந்த ரூம்ல நின்னு நின்னு காது போச்சுன்னு. ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடி சூப்பர்வைசர் கூப்பிட்டு, போதும்ப்பா, ஆபீஸ் பக்கம் வந்துடுன்னு நாற்காலியைக் காட்டினப்ப வேண்டாம்னது யாரு? அந்த ரூம்ல யாரும் யார்கிட்டயும் பேச முடியாது, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம். அதை வீட்டுல நான் சொல்லவே இல்லை, இப்படி ஒரு வேலை வந்துச்சு வேண்டாம்னுட்டேன்னு. அப்போ மெஷினுக்கும் முன்னாடி நான் இருக்கேன், எனக்கு முன்னாடி...? எங்க அப்பாவும் அதிகம் பேசமாட்டார். போச்சு, இப்படியே போனா ஆதிமனுஷன் வரைக்கும் போய் பழியைப் போட்டுட்டு வந்துடுவேன்.

அதுவும் காது போச்சுன்னு சொல்றவன் போன செவ்வாய்க்கிழமை என்ன பண்ணினேன்? இருபதாம் நாள் முட்டைத் தட்டை எப்பவும் போல வெளிய இழுத்து குனிஞ்சு காதை வச்சேன். ஓடு இன்னும் உடைஞ்சிருக்காது, உள்ள இருந்தபடியே குஞ்சுங்க ஒண்ணையொண்ணு கூப்பிடும், இந்த முட்டையில கீச்னா அந்த முட்டையில கீச், ஒண்ணு சொல்ல ஒண்ணு கேட்டு, கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா வெளிய வரும். அவ்வளவு விசிறிச் சத்தத்துலயும் அது எனக்குக் கேட்டுச்சு. இருபத்தொன்பது வருஷமா ஒவ்வொரு தடவையும் கேக்கறேன், சந்தோஷமா இருக்கும், நெஜமா, அந்த சந்தோஷத்தைக்கூட ஒரு நாள் வீட்டுல போய் சொன்னதில்லை. ஓட்டுக்குள்ள இருக்கறது கூப்பிட்டா குனிஞ்சு கேக்கறேன், முதுகுக்குப் பின்னால இருக்கறவ சொன்னா...

கதவு திறந்துச்சு. அந்தப் பொண்ணு கோபப்படலை, மெதுவாத்தான் சொல்லுச்சு, சார், முதல் தடவை அமுக்கின சத்தத்துக்கு அடுத்த தடவை அமுக்கலை, அதைவிட சின்னதுக்கு அமுக்கியிருக்கீங்க, இப்படி வராது, மறுபடியும் முதல்லேர்ந்து பண்ணலாமா. எனக்கு முகம் சூடாயிடுச்சு, அறுபதை நெருங்கற வயசுல காப்பி அடிச்சு பிடிபட்டவன் கணக்கா. சரிம்மான்னேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன், வந்ததுக்கெல்லாம் அமுக்கினேன், வந்துச்சா வரலையான்னு சந்தேகமா இருந்ததுக்கு மட்டும் சும்மா இருந்தேன், வலது காது, இடது காது, என்ன ஆனாலும் ஆகட்டும்னு ஆயிடுச்சு.

ரொம்ப உச்சத்துல போற சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவா இருக்கு சார், பேச்செல்லாம் நல்லா கேக்கும், காதுல குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லி பேப்பரைக் கொடுத்துச்சு. நல்ல சேதி சொன்ன முகம் அதுக்கு. நான் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, இதை அப்படியே கிழிச்சுப் போட்டுட்டு வேற ஏதாவது சொல்லிடலாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் கதவைத் திறந்தேன், எவ்வளவு வெக்கங்கெட்ட புத்தி.

என்ன சொன்னாங்கன்னு பெஞ்சுல இருந்தே உரக்கக் கேட்டா, வரிசையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நான் போய் பக்கத்துல உக்காந்தேன். கத்தாதே, நல்லா கேக்குதாம்னேன். அவ பை ஜிப்பைத் திறந்தா, மூடினா, உள்ள ஒண்ணும் தேடலை. இப்பவே சொல்லிடணும், எழுந்து நடந்துட்டா அப்புறம் சொல்லமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

"அன்னைக்கு துணி மடிக்கறப்ப நீ சொன்னது... கேட்டுச்சு."

ஜிப்பு பாதியில நின்னுச்சு. சண்டை போடுவா, இல்லை, அழுவா, இல்லை, கேட்டும் ஏன் கல்லு மாதிரி இருந்தீங்கன்னு உலுக்குவான்னு நெனச்சேன். முகம் வெளுத்துப் போச்சு அவளுக்கு. என்னை மாட்டி விடறதுக்கு இல்லையா அப்போ, நான் கேட்டுட்டேனோன்னு இவளும் மூணு வாரமா பயந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

"உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சுதாங்க சொன்னேன்."

கேக்காதுன்னு நெனச்சு சொல்லியிருக்கா, கேக்காத மாதிரி நான் இருந்ததால சொல்லியிருக்கா, சொன்னதால நான் இன்னும் கேக்காத மாதிரி... இதுல எதை முதல்ல வைக்கறது, எங்க கையை வச்சு இது இங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றது? மன்னிச்சுக்கோன்னு சொல்லலாமா, யார் யாரை? ஏதாவது சொல்லலாம்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ தரையைப் பாத்துக்கிட்டே, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்காத அளவுக்கு மெதுவா கேட்டா.

"அது மட்டும்தான் கேட்டுச்சா?"

அது மட்டும்தான்னா... அப்போ எத்தனை நாளா, எத்தனை வருஷமா என் முதுகைப் பாத்து சொல்லிக்கிட்டே இருந்திருக்கா? பாத்திரம் கழுவறப்ப, ஜன்னல் சாத்தறப்ப, நான் பேப்பர் படிக்கறப்ப... யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒரு வார்த்தைகூட நெனவுக்கு வரலை, தண்ணி விழற சத்தம்தான் வருது. இப்போதான் காது நல்லா இருக்குன்னு பேப்பர் வாங்கினேன், இத்தனையும் எந்தப் பக்கமா போச்சு? அவ தலையைத் தூக்கி என்னைப் பாத்துக்கிட்டிருக்கா, பதில் வர்ற வரைக்கும் எழுந்திருக்கமாட்டா போல, ஆமான்னா அவளுக்கு நிம்மதியா, இல்லைன்னா நிம்மதியான்னு எனக்குத் தெரியலை.