காதில் பஞ்சு வைத்து ஓடவிட்ட கதை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் மனைவி ஹுஸ்னியாவின் காதுகளில் நான் அடைத்த பஞ்சு.

குளிர் காதால்தான் ஏறும் என்பதை எங்கள் கரையில் யாரும் சந்தேகிப்பதில்லை. மார்கழி மழைக்கே பஞ்சு வைக்கிறவர்கள் நாங்கள். அவள் ஓடப்போவதோ நுவரெலியாவில், தை மாதத்தில், அரச ஊழியர்களுக்கான பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். ஒத்திகை பார்ப்போம் என்று விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு, மழைத் தூறலில், கல்முனைக் கடற்கரையில் அவளை இறக்கினேன். பஞ்சுக்கு மேல் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் ஸ்காப், உள்ளே பருத்திப் பனியன் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேல் மச்சான் கத்தாரிலிருந்து கொண்டுவந்த தடித்த ஜக்கெற். (பாலைவனத்திலிருந்து வந்த குளிர் ஜக்கெற் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

கரையேற்றிக் கட்டிய தோணியொன்றின் கயிறு குறுக்கே கிடந்தது. "கயிறு, கயிறு" என்று கத்தினேன். கேட்டால்தானே.

முழங்காலில் தோல் போயிற்று, கணுக்கால் வீங்கிற்று. மணலில் இருந்தபடியே அவள் ஸிப்பை இழுத்தாள். ஆவி பறந்தது.

"புட்டுப் பானையில ஏத்தி வச்ச மாதிரி இரிக்கி," என்றாள். "நுவரெலியாக் குளிர் எப்பிடி எண்டு தெரியா. உங்கட உடுப்பால மூச்சு முட்டி மவுத்து எப்பிடி வரும் எண்டு விளங்கிட்டு."

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைநாட்டுப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் சிங்கம்" — வேண்டாம். அவள் வாசித்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

இரண்டாவது: "அவள் ஓடுவது ஏனென்றால்" — இதற்கு மேல் எனக்குத் தெரியாது. பெயரை அவளாகத்தான் கொடுத்தாள். "இனி மாமிமாரும் ஓடுறாங்களா?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அவள் விழுந்த மறுகிழமையே, கட்டுப் போட்ட காலோடு, கடற்கரையில் நடந்தாள். பிறகு மெல்ல ஓடினாள். பாதியில் நின்று திரும்பி வந்தால் அந்தச் சிரிப்பு ஓய்வூதியம் வரைக்கும் ஓடும். அது அவளுக்குத் தெரியும்.

3

(கதைக்குள் அறிவுரை வரக்கூடாது என்பார்கள். வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நுவரெலியாவில் வங்கி வேலை பார்த்துத் திரும்பிய, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் சொறிக்கல்முனை சுஜிந்தனைப் போனில் பிடித்தேன்.

"தொடங்கக்குள்ள கொஞ்சம் குளிரணும் நானா," என்றான். "அப்பவே சுகமா இருந்தா உடுப்புக் கூட எண்டு அர்த்தம். ஓட ஓடச் சூடாகும்."

"பருத்திப் பனியன்?"

"கழட்டிப் போடுங்க. வேர்வையக் குடிச்சிட்டு நனைஞ்ச சாக்கு மாதிரி ஒட்டிக் கிடக்கும், காத்தடிச்சா விறைச்சிப் போகும். சட்டெண்டு காயுற மெல்லிசுத் துணி ஒண்டு, காத்த மறைக்க மேல மெல்லிசு ஜக்கெற் ஒண்டு, கைக்கு உறை. போதும்."

"காது?"

"மூடுங்க. அடைக்காதீங்க."

இதை நானே கண்டுபிடித்ததுபோல ஹுஸ்னியாவிடம் ஒப்பித்தேன். அவள் கொடியில் கிடந்த தன் வழமையான ஓட்ட உடுப்பைக் காட்டினாள். நீளக்கை மேற்சட்டை, நீளக் காற்சட்டை, காதை மூடும் ஸ்காப். எல்லாம் மெல்லிசு, எல்லாம் சட்டெண்டு காய்கிறவை. காற்றுக்கு ஒரு ஜக்கெற்றும் கைக்கு உறையும்தான் குறை.* நான் கைவைக்கும் வரை அவள் சரியாகத்தான் உடுத்திருந்தாள்.

* உறை வாங்கப் போனது நான். "மோட்டார் சைக்கிளுக்கா, மையித்துக் குளிப்பாட்டவா?" என்று கேட்டார் கடைக்காரர். உயிரோடு இருக்கிறவள் ஓட என்றேன். "ஆரிட்ட இருந்து?" என்றார்.

4

கதைக்கு முடிவுகள்.

அ) அவள் முதலாவதாக வருகிறாள். (அவளே நம்பமாட்டாள்.)

ஆ) பாதி வழியில் விறைத்து நிற்கிறாள். கணவன் போர்வையோடு பாய்ந்து வருகிறான். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. வாசகரே, கவனித்தீர்களா? ஓடுகிறவள் அவள், நடுவில் வந்து நிற்கிறவன் நான். இந்த ஆளைக் கதையிலிருந்து தூக்கிவிடலாம். ஆனால் அவன் நுவரெலியா போகும் வான்காரனிடம் ஏற்கனவே ஒரு ஸீற்றுக்குச் சொல்லி வைத்து—

இ) இதை அவளிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும்.

நானும் வரட்டா என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அரிசி முடிஞ்சி" என்பாள். "மழை வரும் போல இரிக்கி" என்பாள். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் பை அடுக்கும்போது முடிவுகளை வாசித்துக் காட்டினேன். போர்வை வந்த இடத்தில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, பிறகு அடங்கினாள்.

"நான் வரட்டா, வேணாமா? நேரச் சொல்லு புள்ள."

"வராதீங்க," என்றாள். "நீங்க வழியில நிண்டா, எனக்குக் குளிருதா இல்லயா எண்டு உங்கட முகத்தப் பாத்துத்தான் நான் தெரிஞ்சிக்குவன். நீங்க பயந்தா நானும் நிண்டிருவன். எனக்கு ஓடி முடிக்கணும். குளிர்ந்தா எண்ட உடம்பு எனக்குச் சொல்லும்."