மூன்றாம் சரணத்தில் விழுகிறவள்

ஸெலியின் வேலை, சனிக்கிழமைதோறும் மயங்கி விழுவது. மோன்மார்த்ர் மேட்டில் 'ஆந்தைக் கூடு' என்ற மதுக்கடையில் அந்த வேலை. அதற்கு முன் நாடகக் கொட்டகையில் சோகக் கட்டங்களுக்கு அழுதுகொண்டிருந்தாள். பாரிஸில் கைதட்டவும் ஆள் வைப்பார்கள், அழவும் வைப்பார்கள். கூலிக்கு மாரடிப்பதில் அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. தொப்பி நசுங்காமல் இடது பக்கமாகச் சரிய எத்தனை பேருக்குத் தெரியும்?

அவளை விழவைத்த பாட்டு ஒனெசிம் வெர்தியே என்ற கவிஞனுடையது. நெட்டையான, எலும்பும் தோலுமான மனிதன். பிணம், புழு, தேரை என்று எழுதி ஒரு புத்தகம் போட்டிருந்தான். அது புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு இசைக்குறிப்பு ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் பியானோவில் உட்கார்ந்துவிட்டால் பேய் பிடித்த மாதிரிதான். உயிரோடு புதைக்கப்பட்டவனைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தான். மூன்றாம் சரணத்தில் சவப்பெட்டியின்மேல் முதல் மண்கட்டி விழும். உடனே ஸெலியும் விழுவாள். பரிமாறுகிற தெயொதூல் மயக்கம் தெளிவிக்க வினிகர் புட்டியோடு ஓடிவருவான். முதலாளி பெர்னாஷ் பியானோவைப் படாரென்று மூடி, "போதும்யா, ஆளைக் கொன்னுடுவே போலிருக்கே!" என்று கத்துவார். அடுத்த வாரம் உட்கார இடம் இருக்காது. பாட்டுக்கு நான்காம் சரணமும் உண்டு. அதை யாரும் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு கோளாறு. பாடுகிறவனுக்கு இது நாடகம் என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவன் ஸெலியின் அறைக்கு மூச்சிரைக்க ஏறிவந்தான். ஒரு கையில் சூப்புத் தூக்கு, மறுகையில் முட்டைக் கூடை.

"உங்களுக்கு இதயம் பலவீனம்மா. என் அண்ணன் டாக்டர், அவன்கிட்ட கேட்டேன். இப்படியே போனா ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டாங்கன்னு சொல்லிட்டான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"இன்னிக்குக் கடைசி. நீங்க வராதீங்க. பெர்னாஷ்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு மதிய ரயில்ல ஊருக்குப் போறேன், அங்க நில வரி ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு. இனிமே பாட்டும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்."

ஸெலி இழுத்துப் போட்ட நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்.

"வருத்தம் இல்லீங்க," என்றான். "என் புத்தகத்தை எங்க அம்மாவே பாதியில மூடிட்டா. ஆனா நீங்க விழுந்தீங்களே, அன்னிக்குத்தான் நானும் ஒரு கவிஞன்னு நம்பினேன். அது போதும்."

சும்மா இருந்தால் இந்த மனிதன் ஒரு பொய்க்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு வரி வசூலிக்கப் போய்விடுவான். சொன்னாலோ, அவன் நம்பிக்கொண்டிருக்கும் ஒரே விஷயமும் போய்விடும். ஸெலி முந்தானை இல்லாத குறைக்கு மேலங்கியின் நுனியைத் திருகினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

அவன் சூப்புத் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"முதல் தடவை?"

"முதல் தடவைதான் ரொம்ப நல்லா விழுந்தேன். தொப்பிகூட நசுங்கலை."

அவன் எழுந்தான். சூப்பை விட்டுவிட்டு, முட்டைக் கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். பாவி நான், என்று ஸெலி வாய்விட்டே சொன்னாள்.

அன்று மாலை கடையில் கூட்டம் நெரிந்தது. "கடைசி நாள், கொஞ்சம் தாராளமா விழு ஸெலி," என்றார் பெர்னாஷ். அவள் தலையாட்டவில்லை.

ஒனெசிம் பாடினான். மூன்றாம் சரணம் வந்தது, மண்கட்டி விழுந்தது. பழக்கதோஷத்தில் அவன் நிறுத்தி அவளைப் பார்த்தான். கூட்டமே பார்த்தது. ஸெலி மேசை விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தெயொதூல் வினிகரோடு வந்து, "அக்கா, விழுங்க!" என்று கிசுகிசுத்தான்.

"போடா அந்தப் பக்கம்."

ஒனெசிம் திரும்பி நான்காம் சரணத்தைத் தொடங்கினான். சத்தம் இல்லை, ஒரே விரலால் வாசித்தான். பெட்டிக்குள் இருப்பவன் மூடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். மேலே மனைவியின் குரல் கேட்கிறது. மழை வருது, தலையில தொப்பியைப் போட்டுக்கங்க, என்று அவள் குழிவெட்டுகிறவனிடம் சொல்கிறாள். இன்னும் தட்டினால் பயந்துவிடுவாளே என்று அவன் கையை மடக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

"அந்தம்மா இன்னும் விழலையே!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. சிலர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஸெலியும் எழப்பார்த்தாள். கண் இருட்டியது. வலது பக்கமாகச் சரிந்தாள், தொப்பி நசுங்கியது.

"பாட்டு முடிஞ்சப்புறம் விழுந்து என்ன புண்ணியம்?" என்று பெர்னாஷ் பல்லைக் கடித்தார். தெயொதூல்கூட வினிகரை எடுத்துவரவில்லை. ஒனெசிம் மட்டும் பியானோவை விட்டு எழுந்து வந்து, அந்த நசுங்கிய தொப்பியைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகல் ஸெலியின் கதவு தட்டப்பட்டது. ஒனெசிம் நின்றிருந்தான்.

"ரயில்?" என்றாள்.

"போயிருக்கும்."

முட்டைக் கூடையை மேசைமேல் வைத்தான்.

"இது உங்களோடதுதான். நேத்து தப்பா எடுத்துட்டுப் போயிட்டேன்."