எண்பது சிப்பாய்களும் ஒரு டின் தரை வார்னிஷும்

"இந்த ரூம்ல காலை வெயில் எவ்வளவு அழகா விழுது பாரேன்," என்றாள் ஹேசல்.

"ஆமா, பெயின்ட் அடிக்கத் தோதான வெளிச்சம்," என்றான் கோர்டன். கையில் ஏற்கெனவே ஒரு பெட்டி. "கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு. என் வாட்டர்லூ பட்டாளம் முடியட்டும், காலி பண்ணிடறேன்."

நியூவார்க்கில் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பின்ரூமில் நடந்த பேச்சு இது. அங்கே ஒரு நாற்காலி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும் என்பதுதான் ஹேசல் சொல்ல வந்தது. கல்யாணமான புதிது. கொஞ்ச நாள்தானே என்று விழுங்கிவிட்டாள். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

கோர்டனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சுண்டுவிரல் உயரத்து ஈயச் சிப்பாய் ஒருவனுக்கு அவன் ஒன்பது விதச் சிவப்பில் சட்டை போடுவான். கண்ணுக்குள் கருமணி வைப்பான், கருமணிக்குள் ஒளிப்புள்ளி வைப்பான். ஊசி முனையளவு அந்தப் புள்ளி சரியாக விழாவிட்டால் முகத்தையே சுரண்டி எறிவான். இந்த வேகத்தில் நூற்றிருபது பேரில் நாற்பது பேர் தயார். நெப்போலியன் மட்டும் இவனுக்காகக் காத்திருந்திருந்தால் முதுமையில்தான் செத்திருப்பான்.

குறுக்குவழிக்காரர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "நீர்த்த மையைப் பூசி நிழல் வரவைக்கிறது சோம்பேறித்தனம். அப்படியே வார்னிஷ்ல முக்கி எடுக்கிறது பாவம்! சாதாரண நிறம் அடிச்சு, பழுப்பு வார்னிஷ் டின்ல முக்கி, குறட்டால பிடிச்சு உதறிட்டா முடிஞ்சுதாம். மடிப்புல எல்லாம் தானா நிழல் தங்கிடுமாம். அப்புறம் பளபளப்பு போக மேல ஒரு ஸ்ப்ரே. த்தூ!"

திட்டித் திட்டியே அவளுக்கு வித்தையை முழுசாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

கோர்டன் நாலு நாள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் அவனுடைய கிளப்பின் செயலாளர் டெரிக் போன் செய்தார். "சனிக்கிழமை வாட்டர்லூ நடத்தறோம். இந்தத் தடவையும் அவன் பட்டாளம் வரலைன்னா வேற ஆளோட பிளாஸ்டிக் சிப்பாய்களை இறக்கிடுவோம். சொல்லிடுங்கம்மா."

ஹேசல் சொல்லவில்லை. ஹால் தரைக்கு அவளே வார்னிஷ் அடித்தது போக மீதி அரை டின் கிடந்தது. முடியாமல் நின்ற எண்பது பேருக்கும் சட்டைக்குச் சிவப்பு, காலுக்குச் சாம்பல், முகத்துக்கு முகநிறம் என்று இரண்டு நாளில் அடித்து முடித்தாள். மூன்றாம் நாள் காலை தோட்டத்தில் நின்று முக்கினாள். முதல் சிப்பாய் உதறிய வேகத்தில் குறட்டிலிருந்து நழுவி, வேலி தாண்டி, பக்கத்து வீட்டு முட்டைக்கோசில் தலைகீழாக விழுந்தான். அவனை மீட்டு வந்தபின் அளவாக உதறப் பழகிக்கொண்டாள். காய்ந்ததும் பார்த்தால், கண்ணே வரையாத அந்த முகங்களில் தூங்காத சிப்பாய்களின் களைப்பு இருந்தது.

திரும்பி வந்த கோர்டன் மேஜையைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். முகம் அவன் சிப்பாய்களின் ஒன்பது சிவப்பையும் கடந்தது. ஆனால் டெரிக்கின் போனில் சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும், "நல்லா காய்ஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியில் அடுக்கினான்.

சனிக்கிழமை சர்ச் ஹாலில், வெண்ணெயும் சீஸும் வைத்த ரொட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே ஹேசல் கவனித்தாள். டெரிக் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஓரமாக நின்ற பழைய நாற்பது பேரைத் தாண்டி, அவள் எண்பது பேரிடம் வந்து நின்றுவிட்டார்.

"யோவ் கோர்டன், பிரமாதம்யா! போர்க்களத்துச் சேறும் வேர்வையும் அப்படியே தெரியுது. எப்படிப் பண்ணின?"

கோர்டன் தொண்டையைச் செருமினான். "பொறுமைதான். மெல்லிசா ஏழு பூச்சு, ஒண்ணு மேல ஒண்ணு. பத்தொன்பது வருஷ உழைப்பு."

ரொட்டித் தட்டு ஹேசல் கையில் நின்றது.

டெரிக் ஒரு சிப்பாயை மூக்கருகே கொண்டுபோனார். "வார்னிஷ் வாசனை வருதே?"

"அது... ஹால் தரையா இருக்கும்," என்றான் கோர்டன். அவசரமாகப் பேச்சை மாற்றினான். "அடுத்தது பிரஷ்யப் படை. இருநூறு பேர். ஆர்டர் போட்டாச்சு. பின்ரூம்ல இன்னொரு மேஜை போட்டுட்டா போதும்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கோர்டன் லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டான். ஹேசல் தட்டை நேராகப் போர்க்களத்தின் நடுவில், பிரெஞ்சுக் குதிரைப்படை மேல் வைத்தாள்.

"ஓக் வார்னிஷ், டெரிக். தரைக்கு வாங்கினது. முக்கி உதறினது நான்."

கோர்டன் சிரிக்கப் பார்த்தான். "ஹேஸ், விளையாடாத..."

"உன் பட்டாளம் முடிஞ்சிருச்சு, கோர்டன்," என்றாள். "அந்தப் பின்ரூமை எனக்குக் குடு."