தாஸ்கிமின் முகம்

ஜகார்த்தாவுக்கு வெளியே இருக்கிற குப்பைமலை சரிந்து தாஸ்கிம் புதைந்துபோய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. நான்கு நாள் பொக்லைன் வைத்துத் தோண்டினார்கள். மழை விடவே இல்லை. ஐந்தாம் நாள் தோண்டுவதை நிறுத்திவிட்டு, மலையடிவாரத்திலேயே பாய் விரித்து, இறந்தவனுக்காக யாசீன் ஓதினார்கள். அவன் மனைவி ரசிதி இன்னும் அதே மலையில்தான் முதுகில் கூடையும் கையில் கொக்கிக் கம்பியுமாகக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்துவிடு என்று இந்திரமாயுவிலிருந்து உறவுக்காரர்கள் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"அவர் இங்க இருக்கார். நான் மட்டும் அங்க வந்து என்ன பண்ண" என்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் முகம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதல் சில வருஷங்கள் கண்ணை மூடினாலே வந்து நிற்பான். பிறகு, கூடையைச் சுமந்துகொண்டு அவளுக்கு முன்னால் மலையேறுகிற முதுகு மட்டும்தான் வந்தது. குரல் வந்தது. கிராம்பு சிகரெட் வாசனை வந்தது. முகம் வரவில்லை. பார்த்துக்கொள்ளப் படமும் இல்லை. கல்யாணத்தில் எடுத்த ஒரே படம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. அடையாள அட்டை அவன் சட்டைப்பையோடு மலைக்குள் போய்விட்டது. கட்டியவனின் முகத்தையே மறந்தவள் என்று தெரிந்தால் தன்னைப்பற்றி என்ன நினைப்பார்கள் என்கிற பயத்தில், அவனைப்பற்றி யாராவது பேச்செடுத்தாலே ரசிதி எழுந்து போய்விடுவாள்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் சுகார்த்தாவின் காலில் ஆணி ஏறியது. தாஸ்கிமோடு ஒரே கூட்டமாக வேலை செய்தவர் அவர். எல்லோரையும் போலக் கிழிந்த செருப்போடுதான் மலையேறுவார். இரண்டு வாரம் மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டே நடந்தார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் அஜெங் வந்தாள். ஜகார்த்தாவில் ஓவியம் படித்த பெண், இருபத்தாறு வயதிருக்கும். முதல் வாரம் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டாம் வாரம் துணியை எடுத்துவிட்டாள். பொறுக்கியதை எடைபோடும் கிடங்கில் பெண்களை உட்காரவைத்துத் தன் யோசனையைச் சொன்னாள். காப்பித்தூள் பாக்கெட், நூடுல்ஸ் உறை, சோப்புத்தூள் பொட்டலம் இதையெல்லாம் எந்த வியாபாரியும் எடுப்பதில்லை, மலையில் கிடந்தே போகிறது. அதையெல்லாம் கழுவி, நறுக்கி, வண்ணவாரியாகப் பிரித்துத் தைத்து, மலையில் வேலை செய்கிறவர்களின் முகங்களை ஆளுயரத்துக்குச் செய்யலாம். நகரத்தில் ஒரு மண்டபம் பிடித்து மாட்டலாம். விற்று வருவதில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், தடுப்பூசி, புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு அறை.

காரினிக்கு நம்பிக்கை வரவில்லை. மலையில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"நம்ம மூஞ்சிய நேர்ல பார்த்தா மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க. அதையே குப்பையில செஞ்சு வெச்சா காசு குடுத்து வாங்குவாங்களாக்கும்?"

"வாங்குவாங்கக்கா. அதுல நாத்தம் வராதுல்ல" என்றாள் அஜெங்.

கிடங்கே சிரித்தது. காரினியும் சிரித்துவிட்டு, அப்படியானால் முதலில் என் மூஞ்சியை நானே செய்துகொள்கிறேன், இந்த மலையில் வேறு யார் அழகு என்றாள். ஆளுக்கொரு முகம் என்று முடிவாயிற்று. உன்னுடையது யார் என்று கேட்டபோது, ரசிதி நினைத்துப் பார்ப்பதற்குள் வாயிலிருந்து தாஸ்கிம் பேர் வந்துவிட்டது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பேரைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

பழைய தேர்தல் பேனரின் பின்பக்கம்தான் அடித்துணி. அதில் கரியால் வரைந்துகொண்டு, அதன்மேல் கீற்றுக் கீற்றாகத் தைக்க வேண்டும். மற்றவர்கள் கன்னத்துக்குக் காப்பி நிறம், நிழலுக்குக் கறுப்பு, வெயில் விழுகிற இடத்துக்கு நூடுல்ஸ் உறையின் பொன்னிறம் என்று முன்னேறிக்கொண்டிருந்தார்கள். ரசிதி முடியைத் தைத்தாள், கழுத்தைத் தைத்தாள், சட்டைக் காலரைத் தைத்தாள். நடுவில் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

"உன் புருஷன் என்னடி இன்னும் மூஞ்சி கழுவிட்டு வரலியா?" என்று காரினி கேலி செய்தாள். ரசிதி ஊசியை வைத்துவிட்டு வெளியே போனாள். காரினிக்குத் தான் எதையோ மிதித்துவிட்டது புரிந்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் வாயே திறக்கவில்லை.

ரசிதி நேராகச் சுகார்த்தாவின் குடிசைக்குப் போனாள். அவர் கட்டுப்போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பாட்டில்களிலிருந்து மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது, மருந்து இருக்கிறதா என்று ஏதேதோ விசாரித்தாள். பிறகு, சும்மா கேட்பதுபோல, எங்க வீட்டுக்காரருக்குப் புருவம் எப்படி இருந்துச்சுண்ணே என்று கேட்டாள்.

சுகார்த்தா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஞாபகம் இல்லையா தங்கச்சி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்ப போச்சுன்னே தெரியலண்ணே. ஒரு நாள் பார்த்தா இல்ல."

"எனக்கும் முழுசா வரல" என்றார். "மலைமேல நின்னு லாரி வருதான்னு பார்ப்பானே, அது வருது. இடது கண்ணச் சுருக்கித்தான் பார்ப்பான். வெயில் இல்லாட்டியும் அப்படித்தான். புருவம் அடர்த்தி. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு, எடுத்துக்க."

அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகு வெட்கம் விட்டுப்போயிற்று. கேட்க ஆரம்பித்தாள். காப்பிக்கடைக்காரி, அவனுக்குக் காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், தொப்பி போட்டால் மடங்கும் என்றாள். எடைக் கிடங்கு முதலாளி, தாடையில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது, முள்கம்பி கிழித்தது என்றார். காரினி தானாக வந்து, சிரித்தால் மேல் ஈறு தெரியும்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். இது தாஸ்கிம்தானா, பதினாறு வருஷத்தில் வேறு யாரோடாவது சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்களா என்று ரசிதி யோசிக்கவில்லை. சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து தைத்தாள்.

ஒரு பிற்பகலில், சுருங்கிய இடது கண்ணுக்குக் கீழே கறுப்புக் கீற்று ஒன்றைத் தைத்து நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடம் மாறி உட்கார்ந்து பார்த்தாள். தூரப் போய்ப் பார்த்தாள். அவன்தான். கிடங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் அவன்தான் என்றார்கள். சுகார்த்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தவர், "டேய்" என்று படத்தை ஒரே ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த மூன்று வாரமும் ரசிதி மதியச் சோற்றை அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். சோறும் பொரித்த சோயாத் தெம்பேயும் மிளகாய்ச் சம்பலும். பேசவெல்லாம் இல்லை. மலையில் அவனோடு சாப்பிடும்போதும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வழி தவறிப்போன ஒருவன் வீடு வந்து சேர்ந்ததைப் போல நெஞ்சு நிறைந்திருந்தது.

ஜகார்த்தாவில் பதினொரு முகங்களையும் மாட்டினார்கள். முதலில் விலைபோனது தாஸ்கிம்தான். ஒரு ஆஸ்பத்திரி, தன் காத்திருப்புக் கூடத்துக்கு வேண்டும் என்று கேட்டது. அஜெங் மலைக்கே வந்து விஷயத்தைச் சொன்னாள். ரசிதி கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்கக்கா. குடுக்கலன்னு சொல்லிடுறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வேணும் என்று சொல்லத்தான் ரசிதி வாயைத் திறந்தாள். ஈரத்தில் நனைந்தால் பாழாகும், என் குடிசையில் அதை எங்கே வைப்பேன் என்றும் தோன்றியது. அதைவிட, மலைச்சரிவில் செருப்புக் கால்களோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள்.

"போகட்டும்" என்றாள். "கசங்காம எடுத்துட்டுப் போகச் சொல்லு."

பூட்ஸ் வந்தது. பச்சை நிறம், முழங்கால் வரை. அளவு சரியில்லை என்று காரினி ஒரு வாரம் திட்டினாள். பிறகு அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள் என்று அவள் மகள் சொன்னாள். கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டி, வாரத்தில் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வந்தாள். ரசிதிக்குச் சந்தோஷம்தான். ஆனால் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறபோதெல்லாம் எதிரே சுவர் வெறுமையாக இருந்தது. கண்ணை மூடினால் முகம் இப்போது வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மங்கலாக வருகிறதோ என்று பயமாக இருந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் தாஸ்கிமின் தம்பி தார்யா ஊரிலிருந்து வந்தான். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய அலமாரியில் ஒரு புகைப்படம் கிடைத்ததென்று, துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். அண்ணிக்குத் தர வேண்டுமென்றே பஸ் ஏறியிருக்கிறான்.

யாரோ ஒருவர் கல்யாணத்தில், பாட்டுக் கச்சேரி மேடை முன்னால் மூன்று இளைஞர்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். ரசிதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவர்தான் என்று இடது ஓரம் நின்றவனைத் தடவினாள்.

"அது எங்க பக்கத்து வீட்டுக்காரன் அண்ணி" என்றான் தார்யா. "அண்ணன் நடுவுல நிக்குது."

நடுவில் நின்றவனுக்கு இரண்டு கண்ணும் ஒரே அளவு. காது தலையோடு ஒட்டியிருந்தது. மெல்லிய மீசை. தாடையில் காயம் எதுவும் தெரியவில்லை. ரசிதி அவனை உற்றுப் பார்த்தாள். தெருவில் எதிரே வந்தால் யாரோ என்று வழிவிட்டு ஒதுங்குவாள், அவ்வளவுதான்.

கண்ணாடி போடணும், வயசாயிருச்சு என்று தார்யாவிடம் சிரித்துச் சமாளித்தாள். அவனுக்குச் சோறு போட்டாள், பஸ் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். படத்திலிருந்தவனுக்காக அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவனைத்தான் மனசு தேடியது. அது அவளுக்கே பிடிபடவில்லை. இந்தப் படம் கல்யாணத்துக்கு முந்தியது, அதற்குப் பிறகுதான் வெயிலும் முள்கம்பியும் அவனை மாற்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். காதை எது மாற்றும் என்று உடனே கேட்டுக்கொண்டாள்.

மறுவாரம் ஒரு நாள் வேலைக்குப் போகாமல், நல்ல சட்டை போட்டு, முக்காடு கட்டி, ஜகார்த்தா ரயில் ஏறினாள். புகைப்படத்தையும் பையில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிறையக் கூட்டம். தாஸ்கிம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே, நல்ல வெளிச்சத்தில், கண்ணைச் சுருக்கி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான். தூசு இல்லை. ஒரு கீற்றுகூடப் பிரியவில்லை. அவள் எதிர் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பையைத் திறக்க வேண்டுமென்றே தோன்றவில்லை.

பக்கத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரி, இவள் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"அதையே பார்த்துக்கிட்டிருக்கீங்களே. தெரிஞ்சவரா?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் ரசிதி.

அந்தப் பெண் படத்தையும் இவளையும் பார்த்தாள். "நல்ல மனுஷனா தெரியுது."

"நல்லவர்தான். பசி மட்டும் தாங்க மாட்டார். சோறு அஞ்சு நிமிஷம் லேட்டானா பாத்திரத்தோட பேச ஆரம்பிச்சுடுவார்."

அந்தப் பெண் சிரித்தாள். ரசிதிக்கு நிறுத்த முடியவில்லை. மழைநாளில் தன் கூடையையும் சேர்த்து அவனே சுமந்ததையும், மலையில் கிடைத்த ஒரு ரேடியோவைச் சரிபண்ணுகிறேன் என்று இரண்டு மாதம் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்ததையும், சரிவு வந்த அன்றைக்குக் காலையில் தனக்கு ஒரு வாய் காப்பி மிச்சம் வைத்துவிட்டுப் போனதையும் சொன்னாள். பதினாறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததையெல்லாம், பேர் தெரியாத அந்தப் பெண்ணிடம், அவள் எண்ணைக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் அந்தப் பெண் ரசிதியின் முழங்கையைத் தொட்டு, வர்றேங்க என்று உள்ளே போனாள்.

அதன்பிறகும் ரசிதி உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மணி ரயிலை விட்டால் இருட்டுவதற்குள் வீடு சேர முடியாது. மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.