தீவில் மாப்பிள்ளை விசாரித்தது

விசாரிக்காமல் பெண் கொடுப்பவனை நான் மனுஷனாகவே மதிப்பதில்லை. ஜாதகம் பொருந்தலாம், போட்டோவில் பையன் லட்சணமாக இருக்கலாம். அதெல்லாம் அவர்களாகக் காட்டுவது. நாமாகப் போய்ப் பால் சொசைட்டியில், சலூனில், டீக்கடையில் என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். இதில் ஒரே ஒரு விதி உண்டு. ஆளை விட மனசில்லாதவரிடம் மட்டும் கேட்கவே கூடாது. தறிப்பட்டறை முதலாளியிடம் போய் அவருடைய ஃபிட்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பையன் சரியில்லை என்றுதான் சொல்வார். நல்ல ஃபிட்டர் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்ட இந்தப் பாலுசாமிக்கே, சொந்த மகள் மோகனப்பிரியா விஷயத்தில் சோதனை வந்தது.

பையன் பெயர் சபரீஷ். கொடுமுடிப் பக்கம் குடும்பம். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்காட்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போனவர், அதற்கும் வடக்கே கடலுக்குள் கிடக்கிற ஒரு தீவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீதியில் இருக்கிற ஜனம்கூட அந்தத் தீவில் கிடையாது. குடிதண்ணீர் ஏற்றுகிற பம்பு, கரண்டுக்குக் காற்றாலை, படகுத்துறை எல்லாம் இவர் ஒருவர் பொறுப்பு. கோயமுத்தூர் கணபதியில் பம்பு பட்டறை வைத்திருக்கிற எனக்கு அதைக் கேட்டதுமே பையனைப் பிடித்துப் போனது. ஆனால் பிடித்துப் போவது வேறு, விசாரிப்பது வேறு.

கொடுமுடியில் கேட்டேன். நல்ல பையன் என்றார்கள். கொடுமுடியில் இருந்த பையனைப் பற்றித்தானே கொடுமுடிக்குத் தெரியும்? தீவில் இருப்பவரைப் பற்றித் தீவில்தானே கேட்க வேண்டும்?

"ஏனுங்க, வீடியோல பேசியாச்சு, புள்ளைக்கும் புடிச்சிருக்குது. கடலுக்குள்ள போயுமா விசாரிப்பீங்க?" என்றாள் என் மனைவி நாச்சியம்மாள்.

"கடலா இருந்தா என்ன? அங்கயும் மனுசங்கதான இருக்கறாங்க?"

இணையத்தில் அந்த ஊருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. டாக்டர் மாதம் இரண்டு தரம் வருவார், அலை விட்டால். படகு வாரத்தில் மூன்று நாள், காற்று விட்டால். கீழே கடைக்கு ஒன்று, தபாலாபீசுக்கு ஒன்று, படகு டிக்கெட்டுக்கு ஒன்று என்று மூன்று நம்பர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால் சொசைட்டி, சலூன், டீக்கடை!

சாயங்காலம், அவர்களுக்குக் காலை நேரம், கடைக்குப் போட்டேன். கென்யாவுக்குப் பம்பு அனுப்பி அனுப்பி எனக்கு இங்கிலீஷ் ஓரளவு பழக்கம். எடுத்தது ஒரு வயசான அம்மா. பெயர் மோராக் என்றார். அவர் பேசியது என்னவோ இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் அது 'ங்க' போட்டுத்தான் விழுந்தது. அப்படியே சொல்கிறேன்.

"சபரீஷுக்குக் கல்யாணமுங்களா?" என்றார். "பொண்ணு இங்க வருமுங்களா, இல்ல இவரு அங்க வந்துருவாருங்களா?"

"அதெல்லாம் இன்னும் பேசலைங்க. பையன் எப்படீங்க?"

"அதையேன் கேக்கறீங்க? பத்து மணிக்கு முன்னால எந்திரிக்கவே மாட்டாருங்க."

தபாலாபீசில் கேட்கலாம் என்று இரண்டாவது நம்பரைப் போட்டேன். கொஞ்சம் குரலை மாற்றிக்கொண்டு அதே அம்மா எடுத்தார். "சபரீஷா? மூக்குக்கு மேல கோவமுங்க." மூன்றாவது நம்பர், படகு டிக்கெட். அதற்கும் அவரேதான்.

"ஏனுங்க, ஊர்ல உங்களை விட்டா வேற ஆளே இல்லீங்களா?" என்றேன் எரிச்சலாக.

"கடை, தபால், படகு எல்லாம் நாந்தானுங்க. ஞாயித்துக்கெழமை சர்ச்சு மணியும் நாந்தான் அடிக்கறேன். சொல்றதைக் கேளுங்க. அவருக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க. நம்பிப் பொண்ணைக் குடுத்துப்போட்டு அப்புறம்..."

அப்போது அவர் பக்கம் கதவு திறக்கிற சத்தம். காற்றுச் சத்தத்தோடு ஓர் ஆள் கத்தினார்: "மோராக், தண்ணி வந்துருச்சு! அந்தப் பையன் விடியறதுக்கு முன்னாலயே போய், அத்தனை ஆலங்கட்டி மழையில பம்போட ஃபுட் வால்வை மாத்திப்போட்டான்!"

"அப்பாடா! அந்தப் புள்ளைய மொதல்ல கூட்டிட்டு வாங்க, சூடா ஏதாச்சும் குடிக்கட்டும்" என்று மோராக் அம்மாவும் கத்தினார். கத்தின பிறகுதான் கையில் போன் இருப்பது ஞாபகம் வந்தது போல.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க."

பெருமூச்சு விட்டார். "இவருக்கு முன்னால இந்த வேலைல இருந்தவருக்கும் கல்யாணம் ஆச்சுங்க. வந்த பொண்ணு ஒரு குளிர்காலம் தாங்கலை. ரண்டு பேரும் படகேறிப் போயிட்டாங்க. இவரு வர்ற வரைக்கும் ஊரே பக்கெட்டுல தண்ணி சொமந்தோமுங்க. எங்களுக்கு வேற ஆளில்லீங்க."

ஊருக்கெல்லாம் விதி சொல்கிற நான், யாரிடம் கேட்கக் கூடாதோ அவரிடமே மூன்று தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கிடைத்த மாதிரி சுத்தமான பதில் எனக்கு எந்த விசாரணையிலும் கிடைத்ததில்லை. இத்தனை பொய் சொல்லி ஓர் ஆளைப் பிடித்து வைக்கிறார்கள் என்றால் அவன் எப்படிப்பட்ட பையனாக இருக்க வேண்டும்!

"என்னங்கப்பா, விசாரிச்சீங்களா?" என்று ராத்திரி சாப்பிடும்போது மோகனப்பிரியா கேட்டாள்.

"லைனே கெடைக்கல, கண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லிவிட்டால் போய்விடுவாளே! ஒரே பிள்ளை. பட்டறையில் டெஸ்டிங் அவள், வரவு செலவு அவள், ஆட்கள் சண்டை போட்டால் விலக்கி விடுவதும் அவள். எனக்குச் சர்க்கரை மாத்திரை எது, எப்போது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாச்சியம்மாளுக்குக் கண்ணில் மருந்து ஊற்றுவதும் அவள்தான். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுக்குக் கடை, தபாலாபீஸ், படகு எல்லாமே அவள்தான். தங்கமான பையன் கிடைத்ததில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாலு நாள் லைன் கிடைக்காமலே ஓட்டினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் பட்டறையில் இருக்கும்போது மோராக் அம்மாவே கூப்பிட்டார்.

"எங்க ஊர்ல கூடிப் பேசினோமுங்க. பொண்ணு இங்க வந்து இருக்கறதுன்னா எங்களுக்கு ஆட்சேபனையில்லை. அதுக்கு முன்னால பொண்ணு எப்படின்னு விசாரிக்கலாம்னு கூப்பிட்டேன்."

என்ன தைரியம் பாருங்கள், என்னிடமே விசாரணை! ஆனால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி எனக்கு ஒரு வழி கிடைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கென்னங்க? எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டா. ஏ.சி. போட்டாலே தும்முவா. ஒரு சுடுதண்ணி வைக்கத் தெரியாது. கோவம் வந்தா ஊடே ரண்டாயிரும்."

"அப்படீங்களா? அடடா!" என்று ஒவ்வொன்றுக்கும் அனுதாபமாகக் கேட்டுக்கொண்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"கடைசியா ஒண்ணுங்க" என்றார். "சபரீஷ் காய்ச்சல்னு படுத்துட்டா பம்பைத் தொட்டுப் பாக்க இங்க நாதியில்லை. பொண்ணுக்கு அதைப் பத்தி ஏதாச்சும் தெரியுமுங்களா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பட்டறையில் நின்றுகொண்டு, என் மகளுக்குப் பம்பு தெரியாது என்று நான் சொல்வதா?

"தெரியுமாவா? ஏனுங்க, மோட்டாரை முழுசாப் பிரிச்சுப்போட்டு ஒத்தை ஆளா மாட்டுவாளுங்க! சத்தத்தைக் கேட்டே பேரிங் போச்சுன்னு சொல்லிருவா! காலைல அஞ்சரைக்கெல்லாம் வந்து டெஸ்டிங்ல நிப்பாளுங்க. உங்க ஃபுட் வால்வெல்லாம் அவளுக்கு வெளையாட்டு!"

மறுமுனையில் கை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, கடை நிறைய ஆள். எவனோ விசில் வேறு அடித்தான்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேனுங்க" என்றார் மோராக் அம்மா. ஸ்பீக்கரை அணைத்தார் போலிருக்கிறது, இரைச்சல் அடங்கி அவர் குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. "உங்களுக்கு வேற ஆளு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"பத்திரமாப் பாத்துக்கறோமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பினால் மோகனப்பிரியா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீர் டம்ளருமாக நின்றுகொண்டிருந்தாள். "என்னங்கப்பா, கண்ணெல்லாம் செவந்திருக்குது? லைன் கெடைச்சுதா?"

"கெடைச்சிருச்சு, கண்ணு" என்றேன். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். "விசாரிச்சாச்சு. ஒரு நல்ல வார்த்தை சொல்லலை. தங்கமான பையன்."